ஜிப்சியின் முதல் பாரம்

அசோகன் பட்டறையில் கரண்ட் போயிருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அசோகனும் போயிருந்தார். "டீ குடிச்சிட்டு வந்துடுறேன் தம்பி" என்று காலையில் கிளம்பியவர், பொம்மையார்பாளையத்தில் ஏதோ ரிசார்ட் கேட்டுக்கு அளவெடுக்கப் போயிருப்பதாகப் பக்கத்து பஞ்சர் கடையில் சொன்னார்கள். அவ்வளவு தூரத்தில் அப்படி என்ன டீ என்று சித்தார்த்தன் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. பட்டறை வாசலில் ஜிப்சி ஜீப், பின்கதவு கழற்றப்பட்டு, பல் பிடுங்கிய வாய்போல நின்றிருந்தது. அதன் பக்கத்திலேயே வெட்டிப்போட்ட பைப்புகள் வெயிலில் காய்ந்தன.

குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, சொந்த ஊருக்கே திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. சின்ன வண்டி, கித்தான் கூரை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் சேறு, மணல், உப்பள வரப்பு எதிலும் திணறாது. ஆனால் ஆள் உட்காரச் செய்த வண்டி. பின்னால் நாலு தண்ணி கேன் வைத்தால் ஐந்தாவதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் கேரியர். அதனால்தான் இந்த அலைச்சல்.

மரக்காணம் உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான். வாயில் வைக்க ஒரு சொட்டு கிடையாது. வேலைக்குப் போகும் பெண்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு வரப்பில் நடந்து கடைசிப் பாத்தி வரை போவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாட்டில் காலியாகிவிடும். அப்புறம் யாராவது ஒருத்தி வேலையை விட்டுவிட்டு ரோடு வரை நடந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். லாரியோ ஆட்டோவோ அந்த வரப்பில் இறங்காது. இறங்கினால் ஏறாது. ஜிப்சி இறங்கும். பாத்தியில் விளைந்த உப்பை வாரும் வேலையை நடத்தும் மேஸ்திரி தனக்கோடி ஒத்துக்கொண்டிருந்தார்: முதல் வாரலன்று கடைசிப் பாத்தி வரைக்கும் ஒரே நடையில் எல்லாருக்கும் தண்ணீர் வந்து சேர்ந்தால், இந்த சீசன் முழுக்கத் தண்ணீர் வண்டி கீதாஞ்சலியுடையது.

கீதாஞ்சலி சித்தார்த்தனின் தங்கை. வண்டி அவளுக்காக வாங்கியதுதான். ஆனால் அவன் உண்மையில் கணக்குப் போட்டு வைத்திருந்தது அம்மாவுக்காக.

அம்மா வேலம்மாளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. உப்புக்கூடை சுமந்து சுமந்து தேய்ந்தது. வலது கை மரத்துப்போகிறது. தோஹாவில் சாரம் கட்டும் வேலையில் இருந்த சித்தார்த்தனிடம் இதை யாரும் சொல்லவில்லை. வீடியோ காலில் அம்மா டம்ளரை இடது கையால் எடுப்பதைப் பார்த்து அவனே கேட்டான். "சும்மாதான்டா, இந்தக் கை பக்கத்துல இருந்துச்சி" என்றாள். லீவில் வந்தவன் அவளை டாக்டரிடம் அழைத்துப்போனான். இனிமேல் தலைச்சுமை கூடாது என்றார் டாக்டர். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "கையக் கட்டிக்கினு ஊட்ல உக்காந்தேன்னா கழுத்து இல்ல, முழுசும் தேஞ்சிடும்" என்றாள். பேசிப் பேசி, சண்டை போட்டு, கடைசியில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்கினான்.

"மொத வாரலுக்கு அந்த வண்டில தண்ணி வரட்டும். கூடைய எறக்கி வெச்சிட்டு அவகூட நானும் தண்ணி ஊத்துறேன். வரலன்னா என்ன எதுவும் கேக்காத."

முதல் வாரல் புதன்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் அவனுக்கு விமானம். அசோகன் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் அசோகனும் கரண்டும் பேசிவைத்தமாதிரி ஒன்றாக வந்தார்கள். முதல் பற்ற வைப்பிலேயே வண்டியின் பக்கத் தகட்டில் பொத்தல் விழுந்தது. அடுத்த இடத்தில் வைத்தார். அங்கும் பொத்தல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இது பாடி இல்ல தம்பி. அப்பளம்."

"அப்ப எதுலதான் பத்தும்?"

"கீழ அடிச்சட்டம், சேஸ் நல்லாருக்கு. அதுலேர்ந்து பைப்பு ஏத்திக் கட்டலாம். ஆனா நீ போட்டுக் குடுத்த அளவு எதுவும் ஒத்து வராது. திரும்ப அறுக்கணும்."

"எவ்ளோ நேரம் ஆகும்ணா?"

"நாளைக்கு வா."

"நேத்தும் நாளைக்குன்னுதான சொன்னீங்க?"

"நேத்து சொன்ன நாளைக்கு இன்னைக்கு. இன்னைக்கு சொல்றது வேற நாளைக்கு."

சித்தார்த்தனுக்குத் தலைக்குள் கொதித்தது. பைப்பு அவனுடைய தொழில். இருபது மாடி உயரத்துக்கு கிளாம்ப் போட்டு முறுக்கி சாரம் ஏற்றியவன். இரண்டு ஆள் உயரம் இல்லாத ஒரு வண்டிக்கு நாலு பைப்பு நிறுத்த முடியாமல் நிற்கிறான். செல்போனை எடுத்து அசோகனிடம் நீட்டினான். தோஹாவில் பாலைவனத்துக்குப் போகும் ஜீப்புகளின் படங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே அகலமான கேரியர், அதில் பெட்டி, டயர், கூடாரம்.

"சேஸ்லேர்ந்து நாலு கால் ஏத்துங்க. மேல இந்தமாதிரி கேரியர். பின்னால ஒரு தட்டு. அவ்ளோதான்."

அசோகன் படத்தையும் ஜிப்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தக் கட்டுனா, வண்டிக்கு கேரியர் இல்ல, கேரியருக்கு வண்டி."

கீதாஞ்சலி சாப்பாடு கொண்டுவந்தவள், தூக்குவாளியைப் பிடித்தபடியே படத்தை எட்டிப்பார்த்தாள்.

"மேல எதுக்குண்ணா?"

"கேன் வைக்கத்தான்."

"ரொம்புன கேனையா? அத யாரு ஏத்துறது, யாரு எறக்குறது? நான் கீழ நின்னுக்கினு தலையில வாங்கணும். அம்மாவுக்குக் கூடை, எனக்கு கேனு. நல்லா யோசிச்ச போ."

"அங்க எல்லா வண்டிலயும் மேலதான் வெப்பாங்க."

"அங்க வரப்பு இருக்கா?"

 அவள் தரையில் உட்கார்ந்து கரித்துண்டால் வரைந்தாள். பின்னால் இடுப்புயரத்துக்கு ஒரு தட்டு, இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே பக்கத்துக்கொன்றாகத் தொங்கும் இரண்டு கூண்டு. நின்ற இடத்திலிருந்தே கேனைச் சாய்த்து ஊற்றலாம். அசோகன் குனிந்து பார்த்துவிட்டு, "பாப்பா போட்டதே வேலை கம்மி" என்றார். அது சித்தார்த்தனை இன்னும் எரிச்சலாக்கியது. கடைசியில் இரண்டும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். கீழே அவள் சொன்ன கூண்டும் தட்டும் தண்ணீருக்கு. மேலே அவன் சொன்ன கேரியர் காலி கேனுக்கு.

"காலி கேனுக்கா இவ்ளோ பைப்பு?" என்றாள் கீதாஞ்சலி.

"நீ ஓட்டுறதப் பாரு."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் காத்திருப்பதுதான். வெல்டிங் ராடு தீர்ந்தது. கடையில் போய் வாங்கி வந்தான். அளவு பார்க்காமல் அறுத்ததில் ஒரு கால் குட்டையாகி, மேல் கேரியர் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதை அறுத்துத் திரும்ப ஒட்டினார்கள். அசோகனின் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு பிரம்மதேசம் போக வேண்டியிருந்தது, அதில் ஒரு நாள் போயிற்று. சித்தார்த்தன் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து, போன முறை லீவில் இப்படித்தான் கூரை மாற்ற வந்து கூரை மாற்றாமலேயே போனதை நினைத்துக்கொண்டான். வந்த லீவெல்லாம் யாருக்காவது காத்திருந்தே கரைகிறது. அங்கே போனால் இங்கே என்ன ஆனதோ என்று இருக்கும். இங்கே வந்தால் ஒன்றும் ஆகமாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வண்டி வீட்டுக்கு வந்தது. பெயிண்ட் அடிக்க நேரமில்லை. ஒட்டிய இடமெல்லாம் வெறும் இரும்பாகப் பளபளத்தது. "ஒரு ராத்திரி பாரத்தோட நிக்க வையி" என்று அசோகன் சொல்லி அனுப்பியிருந்தார். "மேல ஒட்டுனதுலதான் எனக்கு சந்தேகம். ஜாயிண்டு தொங்குனா காலைல தெரிஞ்சிடும்."

பாரத்துக்கு என்ன வைப்பது என்று அவன் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து புது பைப்புகளுக்கு வைத்தாள்.

"மொதல்ல உப்புதான் ஏத்தணும்" என்றாள்.

"எதுக்கு?"

"புது ஊட்டுக்குப் போனா மொதல்ல என்னடா எடுத்துக்கினு போவாங்க? உப்பும் மஞ்சளுந்தான. வண்டி மட்டும் என்ன. உப்புல பொழைக்கிற வண்டி."

சித்தார்த்தனுக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. பாரமும் ஆயிற்று, சாஸ்திரமும் ஆயிற்று. போன வருஷத்து உப்பு அம்பாரத்திலிருந்து, கீற்று மூடியிருந்த பக்கமாகப் பார்த்து அள்ளி, சாக்கில் கட்டி, அவனே ஒவ்வொன்றாக மேல் கேரியரில் ஏற்றி அடுக்கினான். அம்மா கற்பூரம் காட்டினாள். ஜாயிண்டு தொங்கவில்லை. அன்றைக்குத்தான் ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான். கீதாஞ்சலிகூட மேலே பார்த்து, "நல்லாத்தான் நிக்குது" என்றாள்.

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கித்தான் எம்மாத்திரம்.

விடிந்ததும் கீதாஞ்சலிதான் முதலில் பார்த்தாள். அவள் கத்தவில்லை. "அண்ணா" என்று மட்டும் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கே அவன் எழுந்து ஓடிவந்தான். சாக்குகள் பனியில் ஊறிக் கசிந்திருந்தன. புதிதாக ஒட்டிய இடமெல்லாம் செம்பழுப்பாக வழிந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. உப்புத்தண்ணீர் கித்தானின் தையல் வழியாக இறங்கி, டேஷ்போர்டில் சொட்டி, அதற்கு அடியிலிருந்த ஃபியூஸ் பாக்ஸ் முழுக்கப் பரவியிருந்தது. பித்தளை முனைகள் பச்சை பூத்திருந்தன. சாவியைத் திருகினாள். வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. டிக் என்றுகூடச் சொல்லவில்லை.

உப்பளத்துப் பிள்ளைதான் அவன். உப்பு பனியில் அழும் என்பது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். வருஷக்கணக்காக வறண்ட ஊரில் இருந்ததில் அது மறந்துபோயிருந்தது. அம்மாவுக்கும் தங்கைக்கும் ஏன் தோன்றவில்லை என்று நினைத்தான். அவர்கள் உப்பைப் பாரமாகப் பார்த்திருக்கமாட்டார்கள். சாமியாகப் பார்த்திருப்பார்கள்.

"அம்மா எங்க?"

"அப்பவே வேலைக்குப் போயிட்டாங்க. கூடைய எடுத்துக்கினுதான் போனாங்க."

"எடுத்துக்கினா?"

"தண்ணி வந்தாதான எறக்குறேன்னு சொன்னாங்க."

அவன் மேலே ஏறி சாக்குகளைக் கீழே தள்ளினான். ஒன்று வெடித்து வாசலெல்லாம் உப்பு. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, "நல்ல தண்ணி ஊத்து" என்றான்.

"கரண்டுல தண்ணியா?"

"உப்பு போகணும். பேட்டரிய கழட்டிட்டேன். ஊத்து."

பாத்திக்குக் கொண்டுபோக நிறைத்து வைத்திருந்த கேன்களில் ஒன்றை அவள் தூக்கிவந்து ஊற்றினாள். குடிக்க வேண்டிய தண்ணீர் அவன் முகத்தில் வழிந்து, காதுக்குள் போய், சட்டைக்குள் இறங்கியது. துணியால் ஒற்றி, உப்புத்தாளால் ஒவ்வொரு முனையாகத் தேய்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.  அவசரத்தில் ஒரு முனையைப் பலமாக இழுத்தபோது, ஃபியூஸைப் பிடித்துக்கொள்ளும் பித்தளை நாக்கு கையோடு வந்துவிட்டது.

 அதைத் தரையில் வீசி எறிந்தான்.

"எறிஞ்சிட்டு என்ன பண்ணப் போற?" என்றாள் கீதாஞ்சலி. "தேடு."

தேடி எடுத்து வைத்தும் அது நிற்கவில்லை. டேப் ஒட்டினால் ஈரத்தில் நழுவியது. கடைசியில் பேட்டரியைத் திரும்ப மாட்டிவிட்டு, ஃபியூஸை அதன் இடத்தில் வைத்து ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பிடித்தான். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. குச்சியைத் தளர்த்தினால் அணைந்தது. ஸ்டார்ட்டருக்கு மட்டும் உயிர் வரவேயில்லை.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்" என்றாள். "நீ பிடிச்சிக்கோ. நான் ஓட்டுறேன்."

"வரப்புல நான் ஓட்டுறேன். நீ பிடி."

"நாளைக்கு யாரு ஓட்டுவா?"

அவன் டிரைவர் சீட்டை அவளுக்கு விட்டான். இடது பக்க சீட்டில் காலை மடக்கி, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டுக்கொண்டு, குச்சியை அழுத்திப் பிடித்தபடி படுத்தான். அந்தப் பக்கமாக வந்தவர்கள் தள்ளினார்கள். "ஏம்பா, ஃபாரின் வண்டியா?" என்று ஒருவர் கேட்டார். "ஃபாரின்ல இருந்து வந்தது வண்டி இல்ல, உள்ள தலைகீழா கெடக்கானே, அவன்" என்றார் இன்னொருவர். சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். வண்டி இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது.

போகும் வழியை அவன் பார்க்கவில்லை. முதுகால்தான் தெரிந்துகொண்டான். தார் ரோடு முடிந்து மண் வந்தது. மண் முடிந்து வரப்பு வந்தது. வண்டி ஆமைபோல நகர்ந்தது. பக்கவாட்டில் கூண்டில் கேன்கள் தளும்பும் சத்தம். மேலே அவனுடைய கேரியர் காலியாகக் கடகடவென்று ஆடியது.

"நேரமாயிடுச்சா?"

"ஆயிடுச்சி. பேசாத. கைய எடுக்காத."

வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே தனக்கோடியின் குரல் கேட்டது.

"வாம்மா வா. உச்சி வெயிலுக்குக் கரெக்டா வந்துட்ட. மொத நாளே இப்பிடின்னா எப்பிடி?"

"கேன் ஒண்ணு கொறையுது மேஸ்திரி. மத்ததெல்லாம் இருக்குது."

"சரி, எறங்கி ஊத்து. எல்லாரும் காஞ்சிக் கெடக்குறாங்க."

"எறங்க முடியாது மேஸ்திரி. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா வண்டி நின்னுடும். நின்னா திரும்பத் தள்ளணும். இங்க தள்ளுனா பாத்திக்குள்ள போயிடும்."

"உங்க அண்ணன் எங்க?"

"கீழ கெடக்குறாரு. கைய எடுத்தா அதுக்கும் நின்னுடும்."

 சித்தார்த்தனுக்குக் கழுத்து வலித்தது. திறந்திருந்த இடது கதவுப் பக்கமாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் வரப்பில் ஒரு முழ இடம் தெரிந்தது. அதில் சேறு படிந்த கால்கள். வந்தன, நின்றன. யாரோ சிரித்தார்கள். இவ்வளவு தூரம் தண்ணீர் வந்துவிட்டது, ஊற்ற ஆளில்லை. தான் எழுந்து போய் ஊற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். குச்சி நழுவியது, இன்ஜின் விக்கியது.

"அண்ணா, கைய எடுக்காதன்னு சொன்னேன்ல."

"எடுக்கல, போ."

"சவரியம்மா, நீ ஊத்தேன்" என்றார் தனக்கோடி, அங்கே நின்ற பெண்களில் ஒருத்தியிடம்.

"எனக்கு அந்த மூடி தொறக்க வராதுங்க."

அப்போது அவனுக்குத் தெரிந்த இரண்டு கால்கள் வந்து நின்றன. வலது குதிகாலில் பழைய வெடிப்பு. அந்தக் கால்கள் நகரவில்லை. தலையில் கூடை இருக்கிறது என்பது அவை பதிந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"மா, தண்ணி வேணுமா?" என்றாள் கீதாஞ்சலி, இன்ஜின் சத்தத்துக்கு மேலே.

"வேணும்."

"தலையில கூடைய வெச்சிக்கினு எப்பிடிக் குடிப்ப?"

 பனங்கூடை வரப்பில் வந்து உட்கார்ந்ததை அவன் பார்த்தான். கால்கள் வண்டியின் பக்கவாட்டுக்குப் போயின. கூண்டிலிருந்த கேனைச் சாய்க்கும் சத்தம். அம்மா குடித்தாளா என்று தெரியவில்லை. அதற்குள் அவள் குரல் வந்துவிட்டது.

"வரிசையா வாங்கடி. ஏய், பாட்டிலக் கழுவாத, இது கழுவுற தண்ணியா? கைய நீட்டு. இன்னும் நீட்டு. சிந்தாத, சிந்தாத. எம்புள்ள கீழ கெடந்து கொண்டாந்துருக்கான்."

"வேலம்மா" என்றார் தனக்கோடி. "நீயே ஊத்து. உன் கூடைய அவங்க பாத்துக்குவாங்க. ஏம்மா கீதா, நாளைக்கும் இப்பிடித்தான் அணைக்காம நிக்குமா வண்டி?"

"நாளைக்கு சரி பண்ணிடுவோம்."

"சரி பண்ணாட்டியும் வந்துடு. நேரத்துக்கு வா."

சித்தார்த்தனின் விரல் மரத்துப்போயிருந்தது. மாற்றிப் பிடிக்கவும் முடியவில்லை. சாயங்காலம் அந்த மேல் கேரியரை அறுத்தெடுக்க வேண்டும், ஃபியூஸ் பாக்ஸ் புதுசு மாற்ற ஆள் பிடிக்க வேண்டும், அசோகனை இன்னொரு தடவை தேடிப் போக வேண்டும், அவர் எங்கே டீ குடிக்கிறாரோ. அதற்கப்புறம்தான் பெட்டி கட்டுவது. வரப்பில் தெரிந்த அந்த ஒரு முழ இடத்தில் கூடை சும்மா இருந்தது. யாரோ வந்து எடுக்கப்போனார்கள்.

"இருக்கட்டும் வுடு" என்றாள் வேலம்மாள். "இந்தக் கேனுக்கு அண்டக் குடுக்க ஏதாச்சும் வேணும், ஆடுது." கூடை கவிழ்ந்து உப்பைக் கொட்டி, தரையோடு இழுபட்டு, அவன் கண்ணிலிருந்து மறைந்தது.

"கீதா" என்றான் அவன் அடியிலிருந்து.

"என்ன?"

"எனக்கும் கொஞ்சம் தண்ணி."

"மொதல்ல அவங்க குடிக்கட்டும்" என்றாள் அம்மா.